வீட்டு குரூப்: சித்தப்பா கொண்டுவரும் ஒப்பினெல் கத்தி

சரவணன்: சித்தப்பா, டிசம்பரில் புதுச்சேரி வரும்போது ஒப்பினெல் கத்தி ஒன்று வாங்கி வர முடியுமா? என்னிடம் இருக்கிற மடக்குக் கத்தி ஆப்பிளை வெட்டுவதே இல்லை, பிளக்கிறது. தீட்டியும் அப்படித்தான்.

சித்தப்பா (சாம்பெரி, பிரான்ஸ்): தீட்டினால் சரியாகாதுடா. அலகு தடிமனாக இருந்தால் ஆப்பு இறக்கிய மாதிரிதான் போகும். ஒப்பினெல் 8-ஆம் நம்பர் அளவில் அலகின் முதுகே 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கிருந்து கூர் வரைக்கும் மெலிந்துகொண்டே வரும். தக்காளித் தோலில் வைத்து லேசாக இழுத்தாலே இறங்கிவிடும்.

சித்தப்பா: 1890-ல் ஜோசஃப் ஒப்பினெல் இந்த சவுவா மலைப்பக்கத்தில் செய்ய ஆரம்பித்த கத்தி. இங்கே மதியச் சாப்பாட்டுக்கு ரொட்டி, சீஸ், காய்ந்த சாசேஜ் மூன்றுக்கும் இதையேதான் எடுக்கிறார்கள். நானும்தான். பெரிய உருண்டை ரொட்டிக்கு மட்டும் எட்டாது, அலகு எட்டரை சென்டிமீட்டர்தான்.

பெரியம்மா: மாங்காய் நறுக்கலாமா தம்பி?

சித்தப்பா: நன்றாக நறுக்கலாம் அண்ணி. ஆனால் கார்பன் எஃகு என்றால் புளிப்பு பட்டதும் கறுக்கும், முதலில் காயிலும் இரும்பு வாசனை ஏறும். உப்புக்காற்றில் துருவும் சீக்கிரம் பிடிக்கும். வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ்தான் சரி.

மாமா: எனக்குக் கார்பன் கொண்டு வாங்க மாப்பிள்ளை. கல்லில் நாலு இழுப்பில் கூர் வந்துவிடும் என்றால் எனக்கு அதுதான் வேண்டும். துடைத்து எண்ணெய் தடவி நான் பார்த்துக்கொள்கிறேன்.

சித்தப்பா: சரி மாமா. ஆனால் தேங்காய் நெம்ப எடுக்காதீங்க, மெல்லிய அலகு முனையில் உடைந்துவிடும்.

சரவணன்: வெட்டும்போது விரலில் மடங்காதா?

சித்தப்பா: கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறது, 1955-ல் வந்தது. திறந்ததும் அதைத் திருப்பிவிட்டால் மடங்காது. திருப்பாமல் வெட்டவே கூடாது, குழந்தைகள் இருக்கிற வீடு.

சித்தப்பா: இன்னொன்று, பிடி பீச் (beech) மரம். தண்ணீரில் ஊறவிட்டால் உப்பிவிடும், அப்புறம் அலகு வெளியே வராது. காயவைக்க வேண்டும். அப்படியும் இறுகி நின்றால் வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் அடியை மேசையில் ஒரு தட்டு. அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், பிடித்து இழுத்துவிடலாம். இந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் இப்படித்தான் திறக்கிறார்கள், பார்க்கவே அழகாக இருக்கும்.

அத்தை: கைப்பையில் வைத்துவிடாதே, ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்கள்.

சித்தப்பா: செக்-இன் பெட்டியில்தான் அக்கா. ஸ்டெயின்லெஸ் ஒன்று, கார்பன் ஒன்று. வேறு யாருக்காவது வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.