ஒரே மூச்சில் பார்க்க வைப்பது எது?

வேளச்சேரி வாசகி:
சனிக்கிழமை ராத்திரி ‘சுழல்’ வெப் தொடர் ஆரம்பித்தோம், ஒரு பகுதி பார்த்துவிட்டுத் தூங்கலாம் என்றுதான், ஆனால் வாசலில் ஆவின் பாக்கெட் விழும்வரை வீட்டில் யாரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அதே கொலை, அதே போலீஸ் என்று வரும் வேறு தொடர்கள் இரண்டாம் பகுதியிலேயே சலித்துவிடுகின்றன. எது இப்படிப் பிடித்து உட்கார வைக்கிறது?

பெரம்பூர்க்காரன்:
பகுதி முடிகிற இடம்தான் என்பார்கள், எனக்கு அது பாதிக் காரணம்தான். சிமெண்ட் ஆலை எரிகிற அதே இரவில் நிலா என்ற பெண் காணாமல் போகிறாள், ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா வேறு நடக்கிறது, விழா நகர நகரக் கதையும் நகர்வதால் நடுவில் எழுந்து போக மனசு வராது. அப்புறம், நாம் சந்தேகப்படும் ஆள் மாறும்போதெல்லாம் முன்னால் பார்த்த காட்சிக்கே வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. மெகா தொடரில் கன்னத்தில் ஒரு அறை விழுந்தால் காமிரா எட்டு முகங்களுக்குப் போய் வரும். இங்கே அந்த நேரத்துக்குள் அடுத்த தடயம் வந்துவிடும்.

மயிலை மாடவீதி:
கொலையே தேவையில்லை தம்பி. 2023இல் வந்த ‘அயலி’ வெப் தொடரில், வயதுக்கு வந்த பெண்களின் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கும் ஊர். டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள். நமக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அவள் பள்ளிக்கூடம் கிளம்பும்போதெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தப் பெண் ஜெயிக்க வேண்டுமே என்ற தவிப்புதான் எட்டுப் பகுதியையும் பார்க்க வைத்தது.

வேளச்சேரி வாசகி:
நன்றி அக்கா, அடுத்து அயலிதான். அம்மாவையும் கூட உட்கார வைக்கிறேன்.