கோண்டுவானா உடைந்தபோது இலங்கை ஏன் இந்தியாவோடு நின்றுவிட்டது?

காவிரிமணல்:
கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் ஒன்றாக இருந்த அண்டார்டிகா, மடகாஸ்கர், செஷல்ஸ் எல்லாம் இந்தியாவை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டன. இலங்கை மட்டும் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் அப்படியே நிற்கிறது. மன்னார் வளைகுடாவில் ஒரு பிளவு தொடங்கிப் பாதியில் நின்றுபோனது என்கிறார்கள். பிளவு ஏன் பாதியில் நிற்கும்? நின்றுபோனது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அதற்கு முன் இவையெல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்ததற்குப் பாறையில் என்ன சாட்சி? "பாஞ்சியா உடைந்தது" என்கிற பள்ளிப் புத்தக அளவு பதில் வேண்டாம்.

கடலடி:
பாதியில் நிற்பது ஒன்றும் அதிசயமில்லை. நைஜீரியாவின் பெனுவே, வட கடல், நம்ம கோதாவரிப் பள்ளத்தாக்கு எல்லாமே கடலாகாமல் விட்டுப்போன பிளவுகள்தான். கண்டத்தின் பாறைத்தட்டு 100 முதல் 200 கி.மீ. தடிமன். குளிர்ந்து கெட்டியான தட்டை வெறும் இழுவை கிழிக்காது. அடியிலிருந்து சூடேறி மெலிய வேண்டும், அல்லது மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) விரிசலுக்குள் புகுந்து தட்டை அகட்ட வேண்டும். எத்தியோப்பியாவின் அஃபாரில் 2005 செப்டம்பரில் இது கண்முன்னே நடந்தது. சுமார் 60 கி.மீ. நீளத்துக்கு மாக்மா புகுந்து, சில வாரங்களுக்குள் நிலம் சில இடங்களில் 8 மீட்டர் வரை அகன்றது.

இலங்கை விஷயத்துக்கு வருவோம். ஜுராசிக் காலத்தின் கடைசியில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், கிழக்குக் கடற்கரை நெடுக நிலம் இழுபட்டது. மகாநதி, கிருஷ்ணா-கோதாவரி, காவிரிப் படுகைகள் இந்தக் கதையில் பிறந்தவை. இலங்கை இரண்டு பிளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது: ஒரு பக்கம் காவிரி-மன்னார், மறுபக்கம் அண்டார்டிகாவோடு இருந்த எல்லை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்டிகா பக்கம் கடல்தரை உருவாக ஆரம்பித்தது. துணி ஒரு இடத்தில் கிழிந்ததும் மற்ற இடத்தில் இழுவை விட்டுப்போகிற மாதிரிதான். கடல்தரை விரிய ஆரம்பித்தபின் அதை மேலும் விரிக்கத் தேவையான விசை மிகக் குறைவு. மன்னார் பக்கம் இழுக்க எதுவும் மிச்சமில்லை.

நின்றுபோனது எப்படித் தெரியும் என்றால் நில அதிர்வுப் படத்தை, அதாவது அதிர்வலை அனுப்பி எடுக்கும் நிலத்தடி வெட்டுப்படத்தைப் பாருங்கள். காவிரிப் படுகை வடகிழக்கு-தென்மேற்காகப் பள்ளமும் மேடுமாக இருக்கும். பட்டுக்கோட்டை-மன்னார்குடி மேடு அதில் ஒன்று. பள்ளத்தின் அடி அடுக்குகள் பிளவுக் கோட்டின் ஓரமாகத் தடித்து, தள்ளிப் போகப் போக மெலியும். அதாவது படிந்துகொண்டிருக்கும்போதே தரை இறங்கியிருக்கிறது. மேலே வரும் அடுக்குகள் மேடு, பள்ளம் இரண்டையும் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு போகும். அடுக்குகள் எங்கே மாறுகின்றனவோ அதுதான் பிளவு ஓய்ந்த காலம். அதற்குப் பிறகும் தரை இறங்கும், ஆனால் அது சூடு ஆறுவதால் வரும் இறக்கம், 6 கோடி ஆண்டு அளவில் மெல்ல அடங்கும். இந்த இரண்டையும் பிரிக்காமல் மொத்த வண்டல் தடிமனையும் பிளவின் கணக்கில் எழுதினால் நீட்சி விகிதம் தாறுமாறாக வரும்.

விகிதம் எளிது: பழைய மேலோட்டுத் தடிமனை (பாறைத்தட்டின் மேல்பகுதிதான் மேலோடு) இன்றைய தடிமனால் வகுக்கவும். 40 கி.மீ. இருந்தது 20 ஆனால் 2. கடல் மேலோடு வெறும் 7 கி.மீ. பாக் நீரிணைக்கு அடியில் இருப்பது மெலிந்த கண்ட மேலோடுதான்.

பாறைப்பொடி:
ஒட்டியது எப்படி என்பதை நான் சொல்கிறேன். நடுவில் இருந்த கடலின் தரை ஒரு பக்கம் கீழே அமிழ்ந்து தீரும்போது இரு கண்டங்களும் மோதும், மேலோடு தடித்து வேகும். கோண்டுவானாவுக்கு இது சுமார் 65 முதல் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே மூடியது மொசாம்பிக் கடல். வத்தலக்குண்டு பக்கத்தில் கெங்குவார்பட்டியில் சஃபிரின், குவார்ட்ஸ் என்ற இரண்டு கனிமங்களும் சேர்ந்திருக்கும் பாறை கிடைக்கிறது. அந்தச் சேர்க்கை உருவாக 900 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பாறைகளும், அண்டார்டிகாவின் லுட்சோ-ஹோம் விரிகுடாப் பாறைகளும் ஏறத்தாழ அதே காலத்தில் வெந்தவை. பாலக்காடு-காவிரி நழுவுமண்டலம்தான் (பாறைகள் ஒன்றையொன்று உரசி நழுவிய பட்டை) மூடிய கடலின் தையலா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

வயது பார்க்கும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று கிலோ பாறையை நொறுக்கி, தண்ணீரில் அலசி, காந்தத்தாலும் கனத்த திரவத்தாலும் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகளைப் பொறுக்குவார்கள். மணி 100, 200 மைக்ரான் இருக்கும். நடுவில் பழைய கரு, சுற்றிப் புது விளிம்பு. யுரேனியம் ஈயமாக மாறிய அளவை அளக்கும் கதிர் 20, 30 மைக்ரான் அகலத்தில் அடிக்கும்போது கரு பாதி, விளிம்பு பாதி விழுந்தால் கிடைக்கும் வயது எந்த நிகழ்வையும் சேராது. அதனால் முதலில் கரு, விளிம்பைப் பிரித்துக் காட்டும் கேத்தோடொளிர்வுப் படம், பிறகுதான் அடி. சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்தின் சார்னோக்கைட் பாறையை இந்தக் கதையில் சேர்க்காதீர்கள். அது 250 கோடி ஆண்டுப் பழசு, கோண்டுவானாவே அதற்குப் பேத்தி.

வடவாடை:
வரைபடத்தில் கத்தரித்துப் பொருத்துபவர்களுக்கு ஒன்று. கடற்கரைக் கோட்டை எடுக்காதீர்கள். 1965-ல் புல்லார்ட் குழு அட்லாண்டிக்கின் இரு கரையையும் சுமார் 900 மீட்டர் ஆழக் கோட்டில் பொருத்தியது, கரை என்பது கடல்மட்டம் போட்ட கோடு. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தபோது பாக் நீரிணை தரைதான். குமரிக்கண்ட அன்பர்கள் இந்தக் காலத்தையும் கோண்டுவானா உடைந்த காலத்தையும் குழப்பிக்கொண்டு வருவார்கள், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

காவிரிமணல்:
அருமை, நன்றி. அந்தப் பழைய பிளவு மறுபடி திறக்க வாய்ப்பு உண்டா?

கடலடி:
இப்போதைக்கு இல்லை. இந்தியா ஆசியாவை முட்டி ஏறத்தாழ 5 கோடி ஆண்டு ஆகிறது, இன்று தீபகற்பத்தின் மேல் இருப்பது பெரும்பாலும் அமுக்கம், இழுவை அல்ல. உங்களுக்கு ஆர்வம் இருந்தால் இலங்கைக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுப் பக்கம் பாருங்கள். அங்கே கடல்தரையே 150 முதல் 200 கி.மீ. அலைநீளத்தில் மடிந்து கிடக்கிறது, இந்திய-ஆஸ்திரேலியத் தட்டு இரண்டாகிக்கொண்டிருக்கிறது. 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கு மேற்கே வந்த 8.6 அளவு நடுக்கமும் அந்த உடைப்போடு சேர்ந்ததுதான். தட்டு பக்கவாட்டில் நழுவியதால் பெரிய சுனாமி கிளம்பவில்லை.