கூடலூர் பக்கத்து ரத்த அட்டைகளில் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் பாதிதான் வருகிறது. இவர்கள் எல்லோரும் கோஷே கேரியர்களா?

ஃபிங்கர்போஸ்ட்_ஆய்வு எழுதியது:

வணக்கம். ஊட்டியில் பயோகெமிஸ்ட்ரி பிஎச்.டி. செய்கிறேன். நீலகிரி மக்களிடம் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற என்சைம் எந்த வரம்பில் இருக்கிறது என்று பார்ப்பது என் ஆய்வின் முதல் பகுதி. இது மிகவும் குறைந்தால் கோஷே என்ற பரம்பரை நோய்; கெட்ட மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர் கேரியர். விரல்நுனி ரத்தத்தை வடிதாள் அட்டையில் சொட்டவிட்டு, காய்ந்ததும் 3.2 மி.மீ. பஞ்ச் எடுத்து, 4-எம்யூ குளுக்கோசைடு (என்சைம் வெட்டினால் ஒளிரும் பொருள்) போட்டு ஃப்ளோரிமீட்டரில் ஒளிர்வை ரீடிங் எடுக்கிறேன். பஃபர் அமிலப் பக்கம்தான், டாரோகோலேட் என்ற பித்த உப்பும் சேர்க்கிறேன்.

பிப்ரவரி, மார்ச்சில் ஊட்டியிலும் கேத்தியிலும் எடுத்த அட்டைகள் ஒழுங்காக வந்தன. ஜூலையில் கூடலூர், தேவாலா பக்கம் ஒரு முகாமில் எடுத்ததில் சிக்கல். அங்கே பாதிப் பேருக்கு ஊட்டி சராசரியில் பாதிதான், சிலருக்கு அதற்கும் கீழே. யாருக்கும் மண்ணீரல் வீக்கம் இல்லை, எலும்பு வலி இல்லை, நன்றாக நடமாடுகிறார்கள்.

கைடு சொல்வது: "கேரியருக்குப் பாதி என்சைம்தானே இருக்கும். அங்கே ஆதிவாசிகள் அதிகம், சொந்தத்திலேயே கல்யாணம் முடிக்கிறார்கள். கேரியர் விகிதம் அதிகம் என்று எழுது, பேப்பர் போய்விடும்." எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எதிர்த்துச் சொல்லக் கையில் காரணமும் இல்லை. இந்த அளவீட்டில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

தேவாலா_மழை எழுதியது:

நான் இந்தப் பக்கம் சிக்கிள் செல் (பரம்பரை ரத்த நோய்) வேலையில் இருக்கும் நர்ஸ். என்சைம் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஒன்று கேட்கிறேன்: அட்டையை எப்படிக் காய வைத்தீர்கள்? ஜூலையில் இங்கே துவைத்துப் போட்ட துணி வாரக்கணக்கில் ஈரமாகவே தொங்கும். முகாம் என்றால் நாலு மணிக்கே ஜீப் டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார். பொட்டு நடுவில் இன்னும் பளபளவென்று இருக்கும்போதே ஜிப்லாக் கவரில் போட்டு மூடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். காய்ந்த பொட்டு பழுப்பாக, மங்கலாக இருக்க வேண்டும். உங்கள் அட்டைகளை வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பாருங்கள்.

குன்னூர்_பாட்டி எழுதியது:

தம்பி, தேவாலா நர்ஸ் கேட்டதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்காமல் மேலே எதுவும் எழுதாதீர்கள். நான் மெட்டபாலிக் லேபில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். இந்த அட்டைகளோடு நிறையவே மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

வெறும் சூட்டை இந்த என்சைம்கள் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சூடும் ஈரமும் சேர்ந்தால் தாங்காது. கவருக்குள் அடைத்த ஈரம் நாலைந்து நாள் இருந்தால் ரீடிங் மளமளவென்று இறங்கிவிடும். அது அந்த ஆளின் ரத்தம் சொல்லும் கணக்கு இல்லை, கவருக்குள் நடந்த கூத்து. இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதே அட்டையில் இன்னொரு பஞ்ச் எடுத்து பீட்டா கேலக்டோசிடேஸ் அளந்து பாருங்கள். அதுவும் லைசோசோம் (செல்லுக்குள் கழிவை அரைக்கும் பை) என்சைம்தான், ஈரத்துக்கு அதுவும் அழும். அது சரியாக இருந்து குளுக்கோசெரிப்ரோசிடேஸ் மட்டும் குறைந்தால் யோசிக்கலாம். இரண்டும் சேர்ந்து குறைந்தால் அட்டை கெட்டுவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது, உங்கள் கைடு சொன்ன கணக்கு. பேப்பரும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். கோஷே நோய்க்குக் கெட்ட மரபணு இரண்டு வேண்டும். ஊரில் பாதிப் பேர் கேரியர் என்றால் கெட்ட பிரதியின் பங்கு 0.5. அதை வர்க்கப்படுத்தினால் 0.25. அதாவது ஊரில் நாலில் ஒருத்தருக்கு மண்ணீரல் தொப்புளைத் தாண்டி வந்திருக்க வேண்டும், பிளேட்லெட் குறைந்து மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். நீங்களே சொல்கிறீர்கள், எல்லோரும் நன்றாக நடமாடுகிறார்கள் என்று. இன்னொன்று, சொந்தத்தில் கல்யாணம் செய்தால் நோயாளிகள் எண்ணிக்கை கூடும், கேரியர் எண்ணிக்கை அதனால் கூடாது. இளங்கலையில் படித்த பாடம் இது. கைடுக்கு மறந்திருக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். கேரியரை என்சைம் அளவை வைத்துச் சொல்லவே முடியாது. சராசரி பாதி இருக்கும், உண்மை. ஆனால் கேரியர் கூட்டத்தின் மேல்முனையும் சாதாரண ஆட்களின் கீழ்முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். அட்டையில் இன்னும் மோசம். இந்த என்சைம் பெரும்பாலும் வெள்ளை அணுக்களில் இருக்கிறது, நீங்கள் அளப்பதோ முழு ரத்தம். வெள்ளை அணு குறைந்தவருக்கு எண்ணும் குறையும். ரத்தசோகை இருந்தால் பொட்டு பரவும் விதமே மாறி, அதே 3.2 மி.மீ.க்குள் வரும் ரத்தத்தின் அளவு வேறாகிவிடும். போதாததற்கு ஹீமோகுளோபின் வேறு ஒளிர்வை விழுங்கும். பிளாங்க்கில் (என்சைம் வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழாயில்) ரத்தப் பஞ்ச் போடுகிறீர்களா, வெறும் தாளா? ரத்தப் பஞ்ச்சே போடுங்கள், வினையை நிறுத்தும் ஸ்டாப் பஃபர் ஊற்றிய பிறகு.

கேரியரைப் பார்க்க மரபணுவைத்தான் படிக்க வேண்டும். அதிலும் ஒரு வம்பு உண்டு. இந்த என்சைமுக்கான மரபணு ஜிபிஏ1. அதன் பக்கத்திலேயே, 16 ஆயிரம் பேஸ் (டிஎன்ஏ எழுத்து) தள்ளி, அதைப் போலவே ஒரு போலி மரபணு உட்கார்ந்திருக்கிறது. எக்ஸான்களில் (புரோட்டீனுக்கான பகுதிகளில்) 96 சதவீதம் ஒற்றுமை. நம் நாட்டு நோயாளிகளிடம் அதிகம் காணும் எல்444பி மாற்றம் அந்தப் போலியில் இயல்பாகவே இருக்கிறது. சின்னத் துண்டுகளாகப் பிசிஆர் போட்டால் போலியைப் படித்துவிட்டு "எல்444பி கிடைத்தது" என்று துள்ளிக் குதிப்பீர்கள். உண்மையான ஜிபிஏ1-ஐ மட்டும் பிடிக்கும் பிரைமரோடு நீளமான பிசிஆர் வேண்டும்.

கேரியர்தானே, நோயில்லையே என்று கைடு சொல்லக்கூடும். ஜிபிஏ1-இல் ஒரு பிரதி கெட்டிருந்தாலே பார்க்கின்சன் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உறுதியான விஷயம். எல்லோருக்கும் வராது, ஆனால் கேட்ட மனுஷன் அதை மனசில் போட்டுக்கொண்டுதான் தூங்குவான். ஈர அட்டையை வைத்து அதைச் சொல்லலாமா? இந்தியாவில் சிக்கிள் செல் முதலில் தெரிய வந்ததே இந்த மலையில்தான், 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதியது. அன்றிலிருந்து இந்த ஜனங்களின் விரலைக் குத்திக்கொண்டே இருக்கிறோம். சிக்கிள் செல்லாவது எலக்ட்ரோஃபோரெசிஸில் பட்டை பட்டையாகக் கண்ணுக்குத் தெரியும், யாரும் மறுக்க முடியாது. உங்களிடம் இப்போது இருப்பது ஒரு பலவீனமான எண்.

கோத்தகிரி_அப்பா எழுதியது:

என் பெண்ணுக்கு கோஷே டைப் 1. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி கோயமுத்தூர் போய் டிரிப் ஏற்றிக்கொண்டு வருகிறோம். அவளுக்கும் முதலில் அட்டையில்தான் பார்த்தார்கள். ஆனால் அதோடு விடவில்லை, ரத்தக் குழாயில் எடுத்து வெள்ளை அணுவில் மறுபடி பார்த்து, ஜீனும் பார்த்த பிறகுதான் பேரைச் சொன்னார்கள். அதுவரை மண்ணீரல் வீக்கத்துக்கு மலேரியா முதல் ரத்தப் புற்று வரை எல்லாம் சொல்லிவிட்டார்கள்.

நானும் மனைவியும் கேரியர் என்று தெரிந்ததும் என் தங்கை மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனது. அவளுக்கு டெஸ்ட்கூட எடுக்கவில்லை. ஒரு ஊரையே கேரியர் என்று பேப்பரில் போட்டால் என்ன ஆகும் என்று உங்கள் கைடிடம் கேளுங்கள்.

ஃபிங்கர்போஸ்ட்_ஆய்வு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அட்டைகளை வெளிச்சத்தில் பார்த்தேன். பல பொட்டுகளின் விளிம்பில் வெளிறிய வளையம், இரண்டு கவருக்குள் சிலிக்கா ஜெல் நீலம் போய் முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கிறது. பீட்டா கேலக்டோசிடேஸும் போட்டேன். குறைந்த அட்டைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அதுவும் குறைந்தே வருகிறது. கைடிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "அப்புறம் பேசலாம்" என்றார்.

மூன்று பேரிடம் மட்டும் கேலக்டோசிடேஸ் நன்றாக இருக்கிறது, குளுக்கோசெரிப்ரோசிடேஸ் கம்மி. இவர்களை என்ன செய்வது? மறுபடி முகாம் போகலாமா?

குன்னூர்_பாட்டி எழுதியது:

அந்த மூன்று பேரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்லாதீர்கள். எதிக்ஸ் கமிட்டியில் வாங்கிய அனுமதிக் கடிதத்தில் மறுபடி ரத்தம் எடுக்க இடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அட்டை வேண்டாம், ஹெப்பாரின் குழாயில் எடுத்து அன்றே ஊட்டிக்குக் கொண்டுவந்து வெள்ளை அணுவைப் பிரித்து, புரோட்டீன் கணக்கில் போடுங்கள். அதே ரன்னில் கான்டூரிட்டால் பி எபாக்சைடு சேர்த்த ஒரு குழாயும் வையுங்கள். அது லைசோசோம் குளுக்கோசெரிப்ரோசிடேஸை அடைத்துவிடும், மிச்சம் ஒளிர்வது வேறு என்சைம் என்று தெரியும். வெள்ளை அணுவிலும் நிஜமாகவே அடிமட்டத்தில் வந்தால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அரிய நோய்களுக்கான சிறப்பு மையம், அங்கே எழுதுங்கள். 2021 அரிய நோய்க் கொள்கையின்படி 50 லட்சம் ரூபாய் வரை உதவி இத்தகைய மையங்கள் வழியாகத்தான் வருகிறது. கோத்தகிரிக்காரருக்கு இது தெரிந்திருக்கும்.

முகாமை ஜனவரிக்குத் தள்ளுங்கள். கூடலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தொடாதீர்கள், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர். தள்ள முடியாது என்றால் அட்டையைப் படுக்கை வாட்டில், ஒன்றோடு ஒன்று உரசாமல், குறைந்தது நாலு மணி நேரம் காயவிடுங்கள். ஹீட்டர், ஹேர் டிரையர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. காயாவிட்டால் மூடாதீர்கள், ஜீப் போகட்டும். கவருக்குள் சிலிக்கா ஜெல்லோடு ஈரம் காட்டும் அட்டையும் போடுங்கள், அந்த நிறத்தை ரீடிங்கோடு சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில்.

தேவாலா_மழை எழுதியது:

ஜனவரி என்றால் பொங்கல் கழித்து வாங்க. அதற்கு முன்னால் பாதி வீட்டில் ஆள் இருக்காது, காப்பி பறிக்கப் போயிருப்பார்கள். காய வைக்க எங்கள் சப்-சென்டரில் ஒரு அறை தருகிறேன், அடுத்த நாள் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்பலாம்.