பார்சலுக்கு முன்பே கெடு முடிந்துவிட்டது: என்ன செய்யலாம்?

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். அப்பாவின் பழைய கேமராவுக்கு இணையச் சந்தை ஒன்றில் வெளிநாட்டு விற்பனையாளரிடம் லென்ஸ் வாங்கினேன். அங்கே விற்பனையாளரைப் பற்றிக் கருத்துப் பதிய ஆர்டர் நாளிலிருந்து 60 நாள்தான் கெடு. பார்சல் சத்துவாச்சாரிக்கு வந்ததோ 67ஆம் நாள். பிரித்தால் கண்ணாடியில் கீறல்! சென்னையிலேயே மூன்று வாரம் கிடந்திருக்கிறது. பஸ் ஏறி நானே போய் எடுத்து வந்திருப்பேன். "இதோ வந்துவிடும்" என்று விற்பனையாளர் சொன்னதை நம்பிப் புகாரும் செய்யாமல் இருந்துவிட்டேன், அசட்டுத்தனம்தான்.

மின்வணிக விதிகள் 2020இன்படி, இணையச் சந்தையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருக்கு எழுதிவிட்டேன். அடுத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணை அழைப்பதா, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போவதா? கெடு கடந்த பிறகு பணம் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.