மலைத்தீ தோப்புக்குள் இறங்காமல் இருக்க ஊராகச் சேர்ந்து என்ன செய்யலாம்?

இலவங்காய்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் எங்களுக்கு நாலரை ஏக்கர் தோப்பு இருக்கிறது. பாதி மா, பாதி இலவம், ஓரத்தில் இருபது எலுமிச்சை. மேல்வேலியைத் தாண்டினால் காப்புக்காடு. அப்பாவும் அம்மாவும் தோப்பு வீட்டிலேயே இருக்கிறார்கள், நான் வேலைக்காகக் கோவையில் இருக்கிறேன்.

போன வருஷம் பங்குனியில் ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு அப்பா கூப்பிட்டார். "மேல மலை செவசெவன்னு இருக்குடா, காத்து இங்கிட்டுத்தான் இறங்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அப்புறம் எத்தனை முறை அடித்தும் எடுக்கவில்லை. பஸ் மாறி மாறி நான் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்துவிட்டது. உள்ளே முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள், எல்லார் முகத்திலும் கரி, யார் யார் என்றே அடையாளம் தெரியவில்லை. வண்டிப்பாதைத் தகராறில் இரண்டு வருஷமாக எங்களோடு பேசாமல் இருந்த பக்கத்துத் தோட்டக்காரர், மருந்தடிக்கும் டேங்கில் வெறும் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு, எங்கள் வரப்பில் புகைந்துகொண்டிருந்த வேரை நனைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "போயி மோட்டாரப் போடு" என்றார். இரண்டு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இலவம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், அது காய் வெடித்துப் பஞ்சு வெளியே தள்ளுகிற நேரம். ஒரு பொறி போதும், பஞ்சு எரிந்தபடியே பறந்துபோய் அடுத்த மரத்தில் உட்காரும். பதினான்கு மரம் போனது. சொட்டுநீர்க் குழாய் உருகி மண்ணோடு ஒட்டிக்கொண்டது, இன்னும் மண்வெட்டி போட்டால் கறுப்புக் கறுப்பாக வருகிறது. கீழே தனியாக இருக்கும் ஒரு அப்பத்தாவின் ஆட்டுக்கொட்டகை முழுசாகப் போய்விட்டது, ஆடுகளை மட்டும் யாரோ அவிழ்த்து விரட்டிவிட்டார்கள். மறுநாளே ஆளுக்கு ஒரு கட்டு சோளத்தட்டையும் பழைய தகரமும் கொண்டுவந்து நாலு நாளில் கொட்டகையை எழுப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது மறுபடி கோடை வருகிறது. கேட்க நினைப்பது இதுதான். வேலியோரம் தீக்கோடு, அதாவது தீ தாண்டாமல் இருக்கப் புல்லைச் செத்தி விடுகிற வெறும் நிலம், எவ்வளவு அகலம் வேண்டும், எப்போது போட வேண்டும்? ஊருக்குப் பொதுவாக ஏதாவது வாங்கி வைப்பதென்றால் என்ன வாங்கலாம்? அப்புறம், அன்றைக்கு வந்தவர்களுக்கு அப்பா பணம் கொடுக்கப் போய், ஒருத்தரும் வாங்கவில்லை, இரண்டு பேர் கோபித்தே விட்டார்கள். இந்தக் கடனை எப்படித்தான் தீர்ப்பது?

ஒத்தையடிப்பாதை:

தம்பி, நானும் போடிதான். தீக்கோடு பற்றித் தெரிந்தவர்கள் சொல்வார்கள், நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் கூட்டம் தீயில் மாட்டிக்கொண்டது எல்லாருக்கும் தெரிந்த கதை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்தவர்கள். 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், சிலர் வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து அப்புறம் போனார்கள். ஹெலிகாப்டர், கமாண்டோ எல்லாம் வந்தது உண்மைதான், ஆனால் அதற்கெல்லாம் முன்னால் புகையைப் பார்த்து ஏறியவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் எஸ்டேட் வேலையாட்களும்தான். போர்வையில் கிடத்தித் தூக்கி, இருட்டில், கல்லும் பள்ளமுமான பாதையில் இறக்கினார்கள். தூக்கிய ஒருவர் பிற்பாடு என்னிடம் சொன்னது இன்னும் மறக்கவில்லை. அவருக்கு அன்றைக்குப் பெரிய கஷ்டமே மேலே மொத்தம் எத்தனை பேர் என்று தெரியாததுதானாம். இன்னும் ஒரு ஆள் எங்கேயாவது புல்லுக்குள் கிடக்கிறாரோ என்று தேடிக்கொண்டே இருந்தாராம்.

அதனால் முதலில் நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். தீ என்று சத்தம் வந்தால் மேலே ஏறுகிற ஒவ்வொரு ஆளின் பெயரையும் கீழே ஒருத்தர் எழுத வேண்டும், அவர் இறங்கி வந்ததும் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். எழுதுகிற ஆள் எக்காரணம் கொண்டும் மேலே போகக்கூடாது. எங்கள் பக்கம் இதை ஒரு டீக்கடைக்காரர் செய்கிறார், பாக்கிக் கணக்கு எழுதிப் பழகிய கை, ஒரு பெயர் விடாது.

பழைய வாட்சர்:

பதினோரு சீசன் தீத்தடுப்பு வாட்சராக இருந்தவன். கேட்டதற்கு வருகிறேன்.

தீக்கோட்டை உங்கள் பட்டா நிலத்துக்குள் போடுங்கள். காப்புக்காட்டுக்குள் நீங்களாக அரிவாளை வைத்தால் அது வேறு வழக்கு. தை மாதத்திலேயே செத்திவிட வேண்டும், பங்குனியில் ஓடி ஓடிச் செத்துவதில் பிரயோசனம் இல்லை. குறைந்தது மூன்று மீட்டர், மேலே போதைப்புல் என்கிற மலைப்புல் ஆள் உயரம் நிற்கிறதென்றால் ஆறு மீட்டர். புல்லை அறுத்தால் மட்டும் போதாது, வெறும் மண் தெரிய வேண்டும். இதில் எல்லாரும் கோட்டை விடுகிற இடம் ஒன்று இருக்கிறது: கோடு போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். இலவமும் தேக்கும் அந்த நேரத்தில்தான் இலையைக் கொட்டும். பத்து நாளைக்கு ஒருதரம் வாராவிட்டால் உங்கள் கோட்டின் மேலேயே தீ நடந்து வரும். வாரிய சருகை வேலியோரம் குவித்து மத்தியானம் கொளுத்துகிற ஆட்களும் உண்டு, அதிலிருந்தே காடு எரிந்ததை நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். மேல்வேலி ஓரத்து இலவத்தில் முதலில் காயை இறக்கிவிடுங்கள். குழாயை அந்தப் பக்கம் ஒரு முழம் மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.

அணைக்கிற விஷயம். தீ மேட்டில் ஏறும்போது ஓடும், இறங்கும்போது நடக்கும். சுவாலை மேலே இருக்கிற புல்லை முன்னாலேயே காயவைத்துக்கொண்டே போவதால் அப்படி. ஆகவே தீக்கு மேல்பக்கம், அதன் வழியில் ஒருகாலமும் நிற்காதீர்கள். எரிந்து முடிந்த கறுப்பு நிலத்தில் காலை வைத்துக்கொண்டு வாலிலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும்தான் அணைத்துக்கொண்டு போக வேண்டும். நிலைமை கைமீறினால் ஓட வேண்டிய இடமும் அந்தக் கறுப்பு நிலம்தான், இல்லாவிட்டால் புல் இல்லாத பாறை. புங்கை, வேம்பு மாதிரி தழை அடர்ந்த பச்சைக் கொப்பு ஒடித்து வைத்துக்கொள்ளுங்கள். புதுசாக வருகிற பையன்கள் அதைத் தூக்கித் தூக்கி அடிப்பார்கள், பொறி பத்தடி பறக்கும். அடிக்கக் கூடாது, அமுக்கி இழுக்க வேண்டும், வாசல் கூட்டுகிற மாதிரி. மத்தியானத்தில் மல்லுக்கட்டி ஆளைச் சாகடிக்காமல் விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள் வேலையை முடிக்கப் பாருங்கள், அப்போது காற்று தூங்கும், புல்லில் கொஞ்சம் ஈரம் இருக்கும்.

எதிர்த்தீ வைக்கலாமா, அதாவது வருகிற தீக்கு எதிரே நாமே ஒரு தீயை மூட்டி அதை நிறுத்தலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஊரில் எவனாவது கேட்பான். வேண்டாம். அது தெரிந்தவர்கள், துறை ஆட்கள் கூட நின்று செய்ய வேண்டிய வேலை. காற்று திரும்பினால் ஊர்தான் போகும்.

அணைந்தாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கட்டையும் காய்ந்த சாணியும் இரண்டு மூன்று நாள் உள்ளுக்குள் கனிந்துகொண்டிருக்கும். புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், உள்ளங்கையை வைத்துச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

வாங்கி வைக்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அரிவாள், மண்வெட்டி, இரும்பு வாரி, தலையில் மாட்டுகிற லைட், ஆளுக்கொரு விசில், முதுகில் மாட்டுகிற டேங்க் நாலைந்து. நைலான் டீசர்ட்டோடு வருகிறவனைத் திருப்பி அனுப்புங்கள், உருகித் தோலில் ஒட்டும். பருத்திச் சட்டை, முழுக்கால் பேன்ட், தோல் செருப்பாவது வேண்டும், ஹவாய் செருப்பு கூடவே கூடாது.

நேரடிப்பேச்சு:

எல்லாம் சரி. தீ எப்படி வந்தது என்று யாருமே பேசவில்லையே? நம் பக்கம் மலையில் தானாகத் தீப்பிடிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். மழைக்கு முன்னால் கொளுத்திவிட்டால் இளம்புல் முளைக்கும் என்று மாடு மேய்க்கிறவன் வைப்பான், தேன் எடுக்கப் போனவன் பந்தத்தை அணைக்காமல் வருவான், பீடித்துண்டு, ரோட்டோரம் சமைத்துச் சாப்பிடுகிற டூரிஸ்ட். 2024-ல் ஏப்ரல் கடைசியில் கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் நாள்கணக்கில் எரிந்ததைப் பார்த்தோம். உதவிக்கு வந்த முப்பது பேரையும் கும்பிடுகிறீர்கள், வைத்தவனும் அந்த முப்பதில் ஒருவனாக இருக்கலாம்.

மத்திய அரசின் வன ஆய்வு நிறுவனமான ஃபாரஸ்ட் சர்வே ஆஃப் இந்தியா 2004-லிருந்து செயற்கைக்கோள் வைத்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பொதுமக்களும் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம், போனுக்குச் செய்தி வரும். அதைச் செய்யுங்கள். உணர்ச்சிவசப்பட்டு எழுதுவதால் காடு பிழைக்காது.

பழைய வாட்சர்:

நேரடிப்பேச்சு அண்ணே, இருக்கலாம். நானும் அப்படி ஒருத்தரோடு சேர்ந்து அணைத்திருக்கிறேன், அவர்தான் வைத்தார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். விடிய விடிய என் பக்கத்திலேயே நின்றார். அடுத்த வருஷத்திலிருந்து மலையில் புகை தெரிந்தால் முதல் போன் அவரிடமிருந்துதான்.

போனில் செய்தி நல்லதுதான், பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். ஆனால் செயற்கைக்கோள் நம் மலைக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதில்லை, நாளில் சில தடவை கடந்துபோகும், கடக்கிற நேரத்தில் எரிந்தால்தான் அதன் கண்ணில் படும். ஆட்டுக்காரர் மலையிலேயே இருக்கிறார்.

தம்பிக்கு இன்னொரு யோசனை. தை, மாசியில் மேல்வேலி ஓரமாக ஆட்டுக்கிடை போடச் சொல்லுங்கள், அதாவது மந்தையைக் கொண்டுவந்து அங்கேயே அடைக்கச் சொல்லுங்கள். எட்டுப் பத்து நாள் கிடை கிடந்தால் காய்ந்த புல் அத்தனையும் காலி, எருவும் ஆச்சு. மேய்க்கிறவருக்கும் நம் தோப்பில் ஒரு பாத்தியதை வந்துவிடும்.

வார்டு அக்கா:

அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், தீக்காயம் நிறையப் பார்த்தவள். தயவுசெய்து இட்லி மாவு, இங்க், டூத்பேஸ்ட், மஞ்சள் எதையும் தடவி அனுப்பாதீர்கள். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் அந்த மனுஷர் கத்துகிற கத்தலை நீங்கள் கேட்க வேண்டும். சாதாரணத் தண்ணீரை 20 நிமிஷம் விடாமல் ஊற்றுங்கள், ஐஸ் வேண்டாம். மோதிரம், கயிறு, வாட்ச் வீங்குவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி 108-க்கு அடியுங்கள். முகத்தில் சூடு பட்டிருந்தாலோ குரல் கரகரத்தாலோ காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே அனுப்ப வேண்டும், உள்ளே மூச்சுக்குழல் வீங்கிக்கொண்டிருக்கும். ஆஸ்துமா இருக்கிற பெரியவர்களைத் தீ வந்த பிறகு அல்ல, புகை வரும்போதே ஊருக்குள் கூட்டிப்போய்விடுங்கள்.

தீக்கு எதிரே நிற்கிறவர்களுக்கு வியர்த்து வியர்த்து நாலு மணி நேரத்தில் தலை சுற்றும். உப்புப் போட்ட நீர்மோர், பானகம், குடம் குடமாக வேண்டும். எங்கள் சின்னமனூர்ப் பக்கத்து ஊரில் இதைப் பெண்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். எந்த வீட்டில் மோர், எந்த வீட்டில் கேன், யார் வீட்டு மினி ஆட்டோ என்று மாசியிலேயே பேசி முடித்துவிடுவார்கள். ஆம்பளைகள் விசில் வாங்கலாமா வேண்டாமா என்று இன்னும் கூட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

பணம் கொடுத்தது தப்பு தம்பி, கூலிக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு உங்கள் அப்பா முதல் ஆளாகப் போய் நிற்கட்டும், நீங்களும் லீவு போட்டு வாருங்கள். மாங்காய் இறக்கும்போது வீட்டுக்கு ஒரு கூடை போகட்டும்.

இலவங்காய்:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். வாட்சர் அண்ணன் சொன்ன "அமுக்கி இழுக்கணும்" என்பதற்கு மட்டும் தலையை ஆட்டினார், "உங்க ஆத்தா வாசக் கூட்டுற மாதிரியே அடிச்சிருந்தா பதினாலு மரமும் நின்னிருக்கும்" என்றார். வைத்தது யார் என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

நோட்டு வாங்கியாகிவிட்டது. அப்பத்தாதான் எழுதப்போகிறார், ஐந்தாம் வகுப்பு வரை படித்தவராம், எனக்கே இப்போதுதான் தெரியும்.

தீக்கோடு போட அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, மேற்குப் பக்கம் அந்தத் தகராறு வண்டிப்பாதையே சரியாக மூன்று மீட்டர் வருகிறது. பாதை யாருடையது என்பது இன்னும் சர்வேயரிடம்தான் கிடக்கிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டக்காரர் அந்தக் கோடியிலிருந்தும் அப்பா இந்தக் கோடியிலிருந்தும் செத்திக்கொண்டே வந்து நடுவில் சந்தித்தார்கள். பேசிக்கொள்ளவில்லை, வெற்றிலைப் பை மட்டும் கை மாறியது.

கிடை போடுகிறவர் யாராவது போடி, தேவாரம் பக்கம் இப்போது இருக்கிறார்களா? ஒரு ராத்திரிக்கு என்ன கேட்பார்கள்?

ஒத்தையடிப்பாதை:

ஒரு கிடை ராசிங்காபுரம் பக்கம் கிடக்கிறது. பணத்தோடு ராத்திரிச் சாப்பாடும் கேட்பார்கள். தனிமடலுக்கு வாங்க, நம்பர் தருகிறேன்.