ஆல்ப்ஸில் ஸ்னோபோர்ட்: மகளின் மணிக்கட்டு முறிந்த கதையும் மற்றவர்களின் அனுபவங்களும்

பேர்னில் இருந்து ஓர் அம்மா:

பெப்ரவரி மாத விளையாட்டு விடுமுறைக்குக் குடும்பமாக கிரிண்டல்வால்ட் என்ற சுவிஸ் மலையூருக்குப் போயிருந்தோம். அங்கே மகளின் இடது மணிக்கட்டில் சின்ன எலும்பு முறிவு. இப்போது முழுக்க மாறிவிட்டது, கவலைப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகளோடு ஸ்னோபோர்ட், அதாவது ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்குவது, பழகப் போகிற நம்மவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

சுவிஸில் வளரும் பிள்ளைகளுக்குப் பனி புதிதில்லை. பாடசாலையே ஸ்கீலாகர் என்று ஒரு கிழமை மலைக்குக் கூட்டிப்போகிறது. மகன் அங்கேதான் ஸ்னோபோர்ட் பழகினான். அவனைப் பார்த்துப் பதினொரு வயது மகளுக்கு ஆசை வந்தது, எனக்கும் வந்தது. கணவர் தனக்குச் சறுக்கு வண்டி போதும் என்று சொல்லிவிட்டார்.

கிரிண்டல்வால்டுக்குக் கார் தேவையில்லை. இன்டர்லாக்கன் ஓஸ்டில் மலை ரயில் ஏறினால் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. ஒன்றைக் கவனியுங்கள்: த்ஸ்வைலூட்ஷினனில் ரயில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கும் மற்றப் பாதி கிரிண்டல்வால்டுக்கும் போகும், எனவே பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏற வேண்டும். ஊருக்குள் போனதும் 3,967 மீட்டர் உயர ஐகர் மலையின் வடக்குச் சுவர் தலைக்கு மேலே நிற்கும். பேர்னில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்தச் சுவரை அவ்வளவு கிட்டப் பார்க்கும்போது பேச்சு நின்றுவிடுகிறது.

ஊருக்கு மேலே போட்மி என்ற சரிவில் நானும் மகளும் பழகினோம். அங்கே லிஃப்ட் என்பது நிலத்தோடு ஓடும் ஒரு பட்டிதான், ஏறி நின்றால் மேலே கொண்டுபோய் விடும். பயிற்றுநர் முதலில் கற்றுத் தந்தது விழுவதற்கு. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருக்கும், விழும்போது காலை எடுத்து வைத்துத் தடுக்க முடியாது. அதனால் கை தானாக நீளும். உள்ளங்கையை விரித்து ஊன்றினால் உடம்பின் முழுப் பாரமும் மணிக்கட்டில் இறங்கும். முன்பக்கம் விழுந்தால் கையைப் பொத்திக்கொண்டு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை படும்படி விழு, பின்பக்கம் விழுந்தால் கைகளை நெஞ்சோடு அணைத்து, நாடியைக் குனித்து, உருண்டு போ என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். பெரியவர்களுக்கு இது வெட்கமாக இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். இந்த ஒரு பாடத்துக்காகவே பயிற்றுநருக்குக் காசு கொடுக்கலாம்.

ஸ்னோபோர்ட் பழகுகிறவர்களுக்கு ஆகக் கூடுதலாக அடிபடுவது மணிக்கட்டில்தான். காலுக்கு ஒரு பலகையாக மாட்டி ஸ்கீ ஓடுகிறவர்களுக்கு முழங்கால் எப்படியோ அப்படி. அதற்கென்று கைக்காப்பு இருக்கிறது, உள்ளே கட்டியான பட்டை வைத்துக் கையுறைக்குள் போடுவது. ஹெல்மெட் எல்லோரும் போடுகிறார்கள், கைக்காப்பை அநேகமானவர்கள் கேட்பதே இல்லை. நாங்கள் வாடகைக் கடையில் கேட்டோம். பெரியவர்களின் அளவில் இருந்தது, மகளின் அளவில் இல்லை.

பிறகு மகளுக்குப் பலகையைத் திருப்ப வந்துவிட்டதால் மென்லிகன் போனோம். சுமார் 2,200 மீட்டர் உயரம், அகலமான நீலப் பாதைகள், அதாவது இலகுவானவை, பழகுகிறவர்களுக்கு நல்ல இடம். அவள் விழுந்தது சரிவில் இல்லை, இரண்டு பாதைகளை இணைக்கும் தட்டையான துண்டில். ஸ்னோபோர்ட் எப்போதும் ஒரு விளிம்பில் சாய்ந்து ஓட வேண்டும். தட்டையான இடத்தில் வேகம் குறைய, பலகை சமமாகப் படுத்துவிடும், அப்போது குதிக்கால் பக்க விளிம்பு பனியில் கொளுவினால் ஒரு கணத்தில் ஆளைப் பின்னுக்கு அடித்துவிடும். எனக்கு முன்னால் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே மல்லாக்க விழுந்தாள், இடது கை பின்னால் ஊன்றுப்பட்டது. "அம்மா, ஒண்டும் இல்லை" என்றாள். ஆனால் கையை வயிற்றோடு பிடித்துக்கொண்டு எழும்பவே இல்லை.

அடுத்து நடந்தது எனக்கு மறக்காது. மேலிருந்து வந்த ஒரு பெடியன், இருபது வயது இருக்கும், கேட்காமலே நின்று, தன் பலகையைக் கழற்றி எங்களுக்குச் சில மீட்டர் மேலே பனியில் குத்தி நிறுத்தினான். வருகிறவர்கள் விலகிப் போக அதுதான் அடையாளம். விபத்தைக் கண்டால் உதவ வேண்டும் என்பது சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் பத்து நடத்தை விதிகளில் ஒன்று. விதி என்று தெரிந்து செய்தானோ மனசு சொல்லிச் செய்தானோ, மீட்புப் பணியாளர் வரும்வரை எங்களோடேயே நின்றான். பாதை ஓரக் கம்பத்தில் இருந்த இலக்கத்தைப் பார்த்துச் சொன்னவனும் அவன்தான். அந்த இலக்கம் முக்கியம், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அவர்களுக்கு அதுதான் சொல்லும்.

வந்த பெண் முதலில் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள், நிறம் பார்த்தாள், தலையில் அடிபட்டதா என்று கேட்டாள். மகளின் கையில் இருந்த நூலைக் கத்தரித்துவிட்டாள். வீக்கம் வரமுன் மோதிரம், காப்பு, நூல் எல்லாம் கழற்ற வேண்டும். பிறகு கையை மட்டையோடு கட்டி, தூளி போட்டு, மீட்பு வண்டியில் படுக்க வைத்து இறக்கினாள்.

கேபிள் காருக்குக் காத்திருந்தபோது பக்கத்து உணவகத்தில் ஐஸ் கேட்கப் போனேன். சமையலறையில் இருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "தமிழோ பிள்ளை?" என்றார். ஐஸைத் துணியில் சுற்றி, இனிப்புக் கூட்டின தேத்தண்ணியும் கொண்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டார். நெடுந்தீவுக்காரர். வந்த நாளில் இருந்து இந்தப் பள்ளத்தாக்கின் ஹோட்டல் சமையலறைகளில்தான் வேலை. "இவ்வளவு காலம் இந்த மலையில நிக்கிறன், ஒருநாளும் பலகையில ஏறேல்லை. நீ ஏறிட்டாய், கை மாறினதும் திரும்ப ஏற வேணும்" என்று மகளிடம் சொன்னார். எங்கள் அப்பாமாரின் தலைமுறை இந்த மலைகளில் கோப்பை கழுவித்தான் தொடங்கியது. அவர் வாயால் அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கீழே வைத்தியர் எக்ஸ்ரே எடுத்தார். முன்கையில் பெருவிரல் பக்கம் இருக்கும் ஆரை எலும்பின் ஓரம் கொஞ்சம் மடிந்திருந்தது. சிறுபிள்ளைகளின் எலும்பு மென்மை என்பதால் முழுதாக உடையாமல், தகரப் பேணியை அழுத்தினால் ஓரம் நசிவதுபோல நசியுமாம். கழற்றிப் போடக்கூடிய பட்டி ஒன்றை மகள் மூன்று கிழமை போட்டாள், அவ்வளவுதான்.

செலவு பற்றி இங்கே இருப்பவர்களுக்கு: பிள்ளைகளின் விபத்துச் செலவு கட்டாய மருத்துவக் காப்புறுதியில் வரும். ஆனால் மீட்புச் செலவில் அது பாதிதான் தரும், அதுவும் வருடத்துக்கு 5,000 பிராங்க் வரைக்கும்தான். நோயாளியைக் கொண்டுபோகும் செலவென்றால் பாதி, ஆகக் கூடியது 500 பிராங்க். ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்பவருக்கு வேலை இடத்து விபத்துக் காப்புறுதி விடுமுறை விபத்துக்கும் செல்லும். வீட்டில் இருக்கும் அம்மாமாருக்கு அது இல்லை என்பதால் தங்கள் மருத்துவக் காப்புறுதியில் விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேகா மீட்பு ஹெலிகொப்டரின் இலக்கம் 1414, அம்புலன்ஸுக்கு 144.

லண்டனில் இருந்து:

அக்கா, பிள்ளை சுகமானது சந்தோஷம். நாங்கள் பிரான்ஸில் மோர்சின் போனபோது என் மனைவிக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவர் ஸ்னோபோர்ட் இல்லை, ஸ்கீ. விழுந்தபோது கைக்கம்பை விடவில்லை, பெருவிரல் வெளிப்பக்கம் இழுபட்டு அடியில் இருந்த தசைநார் கிழிந்துவிட்டது. ஸ்கீக்காரர்களுக்கு இது அடிக்கடி வருவது என்று வைத்தியர் சொன்னார். விழப் போகிறோம் என்று தெரிந்தால் கம்பைக் கையைவிட்டு எறிய வேண்டும். வாரைக் கைக்குள் இறுக்கி மாட்டாமல் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பிரான்ஸில் அடிபட்டவரைப் பாதையில் இருந்து இறக்கும் செலவை நாங்கள்தான் கட்ட வேண்டும். 1985ஆம் ஆண்டு மலைச் சட்டம் அந்தச் செலவை அறவிட ஊராட்சிகளுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. பிரித்தானியாவில் தரும் ஜிஹெச்ஐசி அட்டை அரச வைத்தியசாலைச் சிகிச்சைக்கு உதவும், மலையில் இருந்து இறக்குவதற்கு உதவாது. லிஃப்ட் சீட்டு வாங்கும்போது கூடவே 'கார்ரே நேஜ்' என்ற நாள் காப்புறுதியும் எடுக்கலாம். நாங்கள் எடுத்திருந்தோம், அதனால் வண்டிக் காசு கையில் இருந்து போகவில்லை.

மியூனிக்கில் இருந்து:

நான் கோயம்புத்தூர், இங்கே வேலை. மணிக்கட்டு பற்றி ஒரு முக்கியமான விஷயம் சேர்க்க வேண்டும், பெரியவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

இத்தாலியில் ஆல்பே டி சியூசி போயிருந்தோம். பரந்த மேட்டு நிலம், குழந்தைகளுக்கு அருமை. இத்தாலியில் 2022 முதல் பாதையில் இறங்கும் எல்லோருக்கும், நம்மால் மற்றவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். அதையும் எடுத்துக்கொண்டுதான் போனோம். என் தம்பி ஸ்னோபோர்டில் முன்பக்கமாகக் கையை ஊன்றி விழுந்தான். எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை, சுளுக்கு என்றார்கள். வீக்கமும் வடிந்துவிட்டது. ஆனால் பெருவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், ஒரு சின்னக் குழி தெரியும் இல்லையா? அங்கே அழுத்தினால் மட்டும் அவனுக்கு உயிர் போகிற வலி.

ஊருக்குத் திரும்பியதும் வேறு டாக்டரிடம் காட்டினோம். குழியில் விரலை வைத்ததுமே எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். படகு எலும்பு என்ற சின்ன எலும்பில் விரிசல். இது முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாதாம், பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எடுத்தால் தெரியும், அல்லது எம்ஆர்ஐயில் தெரியும். அந்த எலும்புக்கு ரத்தம் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் பின்பகுதிக்கு ரத்தம் கிடைக்காமல் எலும்பு ஒட்டாமலே போகலாம், அந்தத் துண்டு செத்தும் போகலாம். பிறகு வாழ்நாள் முழுக்க மணிக்கட்டுத் தொல்லை. தம்பிக்கு நேரத்தோடு கண்டுபிடித்ததால் மாவுக்கட்டோடு போயிற்று. சுளுக்கு என்று சொல்லி அனுப்பினாலும், அந்தக் குழியில் வலி இருந்தால் விடாதீர்கள், திரும்பப் போய்க் கேளுங்கள்.

சூரிச்சில் இருந்து:

எங்கள் வீட்டில் எலும்பு தப்பியது, கண்தான் மாட்டிக்கொண்டது. மேகமூட்டம் என்று கணவர் பனிக் கண்ணாடியைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஓடினார். இரவு இரண்டு கண்ணிலும் மணல் கொட்டியதுபோல் எரிச்சல், திறக்க முடியவில்லை. புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், உயரம் கூடக் கூடக் கதிரும் கூடும், மேகத்தையும் தாண்டி வரும். இருட்டு அறையில் இருந்து இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

அப்புறம் பேர்ன் அக்காவிடம் ஒரு கேள்வி: மகள் திரும்பப் பலகையில் ஏறினாளா? எங்கள் மகளுக்கு ஒன்பது வயது, அவளும் பலகை கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பேர்னில் இருந்து ஓர் அம்மா:

மியூனிக் தம்பிக்கு நன்றி, அந்தக் குழி விஷயம் எனக்குப் புதிது. வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன்.

சூரிச் தங்கச்சி, ஏறினாள். பட்டி கழற்றியதும் உடனே விடவில்லை, வைத்தியர் விளையாடலாம் என்று சொன்ன பிறகுதான். தட்டையான பாதையைக் கண்டால் இன்னும் கொஞ்சம் பயப்படுகிறாள். அந்த இடங்களில் முழங்காலை மடித்து, குதிக்கால் பக்கமோ விரல் பக்கமோ ஏதாவது ஒரு விளிம்பில் மெல்லச் சாய்ந்தே போ, பலகையைச் சமமாக விடாதே என்று பயிற்றுநர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அண்ணன்காரன் முன்னால் போய், எங்கே தட்டை வருகிறது என்று கையைக் காட்டுகிறான்.

உங்கள் மகளுக்குக் கைக்காப்பை ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள், சிறு அளவு மலைக் கடையில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். கையுறையையும் கூடவே போட்டுப் பார்க்க வேண்டும். காப்புக்கு மேலே கையுறை இறுகினால் விரல் விறைக்கும், பிள்ளை அரை மணித்தியாலத்தில் கழற்றிப் பையில் வைத்துவிடும்.