ஜெர்மனி ஐசிஇ அதிவேக ரயில்: மலிவு டிக்கெட்டை எந்த ஸ்டேஷனிலிருந்து எடுப்பது?

கேள்வி: உன்னாவில் தங்கிப் படிக்கிறேன். அடுத்த மாதம் பெர்லின் போகவேண்டும். ஒரே ரயிலுக்கு மூன்று விலை காட்டுகிறது, எதை எடுப்பது? பக்கத்து நகரமான ஹம் வரை டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் (உள்ளூர், வட்டார வண்டிகளுக்கான மாதப் பாஸ்) போய், அங்கிருந்து மட்டும் ஐசிஇ டிக்கெட் எடுத்தால் காசு மிச்சம்தானே?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் பார்ப்போம், பணம் போவது அங்கேதான். ஸ்பார்ப்ரைஸ், சூப்பர் ஸ்பார்ப்ரைஸ் என்ற இரண்டு மலிவு டிக்கெட்டிலும் ‘சுக்பிண்டுங்’ என்ற கட்டுப்பாடு உண்டு. டிக்கெட்டில் போட்டிருக்கும் அதே ஐசிஇயில்தான் ஏறமுடியும். உன்னாவிலிருந்து வரும் ஆர்இ 7 என்ற வட்டார ரயில் தாமதமாகி ஐசிஇ போய்விட்டது என்று வையுங்கள். டிக்கெட் உன்னா–பெர்லின் என்று ஒன்றாக இருந்தால் தவறு ரயில்வேயுடையது. அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், அடுத்த ஐசிஇயில் போகலாம். ஹம்–பெர்லின் மட்டும் தனியாக எடுத்திருந்தால், வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பியவருக்கும் உங்களுக்கும் கணக்கில் வித்தியாசமே இல்லை. அந்த டிக்கெட் போச்சு; அன்றைய முழு விலைக்கு இன்னொன்று வாங்கவேண்டும்.

அதனால் தேடும்போதே புறப்படும் இடத்தில் உன்னா என்று போடுங்கள். பல நேரம் விலை அப்படியே இருக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் கூடும். இன்னொரு வசதி: கட்டுப்பாடு தொலைதூர ரயிலுக்கு மட்டும்தான். ஆர்இ 7-ல் ஒரு வண்டி முன்னாடியே ஏறிக்கொள்ளலாம், அதே டிக்கெட் செல்லும்.

மூன்று விலைக்கு வருவோம். ஃப்ளெக்ஸ்ப்ரைஸ் எடுத்தால் அன்று எந்த ரயிலிலும் ஏறலாம், விலை அதிகம். ஸ்பார்ப்ரைஸை பயண நாளுக்கு முந்தைய நாள் வரை ரத்து செய்யலாம், ஆனால் 10 யூரோ கழித்து மீதி கூப்பனாகத்தான் வரும். சூப்பர் ஸ்பார்ப்ரைஸ் எடுத்தால் ரத்து என்ற பேச்சே இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் சில யூரோதான் என்றால், தேதி உறுதியாகாதவர்கள் ஸ்பார்ப்ரைஸ் எடுப்பதே புத்திசாலித்தனம். 27 வயதுக்குக் கீழே என்றால் தேடும்போதே வயதைச் சரியாகப் போடுங்கள், இளைஞர் விலை தனியாக உண்டு.

ஒவ்வொரு ரயிலிலும் மலிவு விலைக்கு ஒதுக்கீடு இவ்வளவுதான் என்று உண்டு. அது தீரத் தீர விலை ஏறும். வெள்ளி பிற்பகலும் ஞாயிறு மாலையும் முதலில் தீரும். செவ்வாய், புதன் மதிய வண்டிகளில் அதே தூரத்துக்கு விலை நன்றாக இறங்கும். ‘பெஸ்ட்ப்ரைஸ்’ தேடலைப் போட்டால் அன்றைய நாளில் எந்த நேரம் மலிவு என்று ஒரே பார்வையில் தெரியும். டிசம்பர் நடுவில் கால அட்டவணை மாறும். அதற்குப் பிந்தைய டிக்கெட்டுகள் அக்டோபரில் திறக்கும். கிறிஸ்துமஸ் பயணத்துக்கு அதுதான் நேரம்.

‘உம்ஸ்டைகெட்சைட்’ என்ற வண்டி மாறும் நேரத்தைக் கட்டாயம் கூட்டிவையுங்கள். தேடல் தானாகவே எட்டு நிமிட இடைவெளி எல்லாம் காட்டும். அது காகிதத்தில்தான் நடக்கும். 20 அல்லது 30 நிமிடம் என்று வைத்தால் நிம்மதி.

பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். இனிஷியலை விரித்துப் போடுவதா சுருக்குவதா என்ற நம்மூர்க் குழப்பமே வேண்டாம். இரண்டாம் வகுப்பில் சீட் டிக்கெட்டோடு வராது, தனிக் கட்டணம். ரிசர்வ் செய்த சீட்டில் ரயில் கிளம்பி 15 நிமிடத்துக்குள் உட்காராவிட்டால் உரிமை போய்விடும்.

இன்னொரு பதில்: ஹம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. பெர்லினிலிருந்து வரும் ஐசிஇக்கள் பல ஹம்மில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி டார்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக. மறுபாதி ஹாகன், வுப்பர்டால் வழியாக. ஏறும்போது பெட்டியின் பக்கவாட்டுப் பலகையில் போய்ச்சேரும் ஊரைப் பாருங்கள். திரும்பும்போது நீங்கள் ஹம்மில் இறங்குவதால் எந்தப் பாதியும் சரி, டார்ட்முண்ட் போகும் நண்பர்தான் கவனமாக இருக்கவேண்டும். வண்டி பிரிந்த பிறகு நடுவே நடந்து மாற வழியில்லை.

தாமதத்துக்கு நஷ்டஈடும் உண்டு: 60 நிமிடத்துக்கு 25%, 120 நிமிடத்துக்கு 50%. மூன்று மாதத்துக்குள் ஆன்லைனில் கேட்கலாம். ஆனால் 4 யூரோவுக்குக் குறைந்தால் தரமாட்டார்கள். மிக மலிவான டிக்கெட்டில் ஒரு மணி நேரத் தாமதம் என்றால் சல்லிக்காசு வராது!

இன்னொரு பதில்: பான்கார்டு 25 என்ற ரயில்வே தள்ளுபடி அட்டை இந்த மலிவு விலைகளிலும் 25% குறைக்கும். கார்டு விலையை நான்கால் பெருக்குங்கள். ஓராண்டில் அதற்கு மேல் டிக்கெட் வாங்குவீர்கள் என்றால் மட்டும் லாபம். மூன்று மாத சோதனைக் கார்டு உள்பட பெரும்பாலானவை தானாகவே ஓராண்டுக்கு நீளும். முடிவதற்கு நான்கு வாரத்துக்கு முன்பே ரத்து செய்யவேண்டும். பலர் கார்டு வாங்கிய அன்றே ரத்துக் கடிதத்தையும் அனுப்பிவிடுகிறார்கள், தவறில்லை.

ஹம் காமாட்சி அம்பாள் தேர்த் திருவிழாவுக்கு வருபவர்கள் கவனிக்க: கோயில் இருப்பது ஊருக்கு வெளியே, ஊன்ட்ராப்பில். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு வரும் பேருந்தின் தாமதத்துக்கு ரயில்வே பொறுப்பாகாது. தேரன்று பேருந்து தாமதமாகி ரயில் போனால் மேலே சொன்ன அதே கதைதான். திரும்பும் வண்டியை இரண்டு மணி நேரம் தள்ளியே எடுங்கள்.